செக்கர் அண்ணன் கேட்காத கேள்வி

செக்கர் தானியேல் அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது எங்கள் வீட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. எதிர் வீட்டுச் சுமதி வாசலில் நின்று கையை ஆட்டி ஆட்டி என்னமோ சொல்கிறாள். எனக்கு ஒரு எழுத்தும் கேட்கவில்லை. "மாவு வேணுமா கண்ணு?" என்று நான் கத்த, அவள் உள்ளே வந்து சுவிட்சை அணைத்துவிட்டு, "அக்கா, எங்க ஊட்டு நம்பருக்கு உடுமலையிலிருந்து ஃபோன் வந்துதுங்க. உங்க செக்கர் அண்ணன் காலையில தவறிட்டாருங்களாம்" என்றாள். அந்தப் பிள்ளையைப் போய் மாவுக்கு வந்தவள் என்று நினைத்தேனே என்று வெட்கமாகப் போய்விட்டது.

எங்கள் வீட்டுக்காரர் கொல்லைப்புறத்தில் சவரம் செய்துகொண்டிருந்தார். செய்தியைக் கேட்டதும் முகத்தைக் கழுவினார், சட்டையை மாட்டினார், செருப்பைப் போட்டார். ஒரு கன்னம் வழவழப்பு, இன்னொரு கன்னம் மூன்று நாள் தாடி. நான் சொல்லவில்லை, அவரும் கண்ணாடி பார்க்கவில்லை. உக்கடத்தில் உடுமலைப்பேட்டை வண்டி ஏறியதும் இரண்டு டிக்கெட்டையும் விரலிடுக்கில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "பையில வெச்சுக்குங்க, பறந்துபோயிரும்" என்றேன். "அண்ணன் ஏறுனா காட்டோணுமில்ல" என்றார். அப்புறம்தான் இரண்டு பேரும் அழுதோம். கண்டக்டர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

நம் சபைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு அண்ணனைத் தெரியாது. ஓய்வு பெற்றதும் அவரும் மனைவி ராஜம் அக்காவும் சொந்த ஊரான உடுமலைக்கே போய்விட்டார்கள். அவர் இங்கே இருந்தது, சரவணம்பட்டியில் சோளக்காடு இருந்த இடத்தில் எல்லாம் வீடும் கல்லூரியும் வரத் தொடங்கிய காலத்தில். நம் சபைக்கு அப்போது பத்துப் பன்னிரண்டு பெஞ்சுதான். அண்ணன் பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டர். டிக்கெட் எடுக்காமல் வருகிற "வித்தவுட்" ஆட்களைப் பிடிப்பதில் பெரிய பெயர். வண்டிக்குள் கால் வைத்ததுமே எந்த முகத்தில் டிக்கெட் இல்லை என்று மோப்பம் பிடித்துவிடுவார் என்பார்கள். ஒருமுறை சொந்த மச்சினனையே பிடித்து, அத்தனை பேர் முன்னால் அபராதம் போட்டு, அன்று மத்தியானமே அவனை வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கோழிக் குழம்பு ஊற்றினார். "என்னங்கண்ணா இது?" என்று கேட்டதற்கு, "பஸ்ஸுல அபராதம், ஊட்டுல கோழிக் குழம்பு. ரெண்டும் வேற வேற டிபார்ட்மெண்டுங்க" என்றார்.

இப்படிப்பட்ட ஆள் சபையில் இருந்தால் யாருக்கும் ஆசை வரத்தானே செய்யும்? யார் காணிக்கை போடாமல் பையைத் தாண்டி விடுகிறார், யார் ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குப் போகிறார் என்று கண்டுபிடிக்க அண்ணனை விட்டால் ஆள் ஏது என்று நாங்கள் நினைத்தோம். கமிட்டியில்கூட ஒருவர் கேட்டேவிட்டார். அண்ணன் சிரித்துக்கொண்டே, "பஸ்ஸுல கேக்கறதுக்கு எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க. ஆண்டவரு வண்டியில நானே வித்தவுட்டுங்க. பக்கத்துச் சீட்டுக்காரனைப் பாத்து 'எங்கடா டிக்கெட்டு'ன்னு கேட்டா, மொதல்ல எறக்கி உடறது என்னையத்தானுங்க" என்றார். அதோடு அந்தப் பேச்சு கமிட்டியில் எழவே இல்லை.

புதன்கிழமை வீட்டுக் கூட்டத்தை மறந்திருக்கமாட்டீர்கள். ஒருவர் பின் ஒருவராகக் கண்ணை மூடிச் சத்தமாக ஜெபிப்போம். நேருக்கு நேர் சொல்ல முடியாததையெல்லாம் ஆண்டவர் வழியாகச் சொல்லி அனுப்புவதில் நாம் கெட்டிக்காரர்கள். "ஆண்டவரே, பாடகர் குழுவிலே முன்வரிசையில் நிற்கிற உமது பிள்ளைக்குச் சுருதியையும் தாழ்மையையும் தாரும்" என்று ஒருவர் ஜெபிப்பார். கண்ணை மூடியிருக்கிற நேரத்தில் பதில் சொல்ல முடியுமா? அந்தப் பிள்ளை தன் முறைக்குக் காத்திருந்து, "தகப்பனே, அடுத்தவர் குறையை மட்டும் பார்க்கிற கண்களுக்குக் கலிக்க மருந்து போடும்" என்று திருப்பிக் கொடுக்கும். நடுவில் ஆண்டவர்தான் பாவம்.

இதற்கு மருந்து கண்டுபிடித்தவர் அண்ணன். ஜெபம் யாரையாவது குத்தத் தொடங்கிய நிமிடம், ஓடுகிற பஸ்ஸைக் கத்தி நிறுத்திப் பழகிய அந்தத் தொண்டையால் "ஆமென்!" என்பார். பழக்கதோஷத்தில் நாங்கள் எல்லோரும் "ஆமென்" என்று கண்ணைத் திறந்துவிடுவோம். வீட்டுக்காரம்மா டீத் தட்டோடு எழுந்துவிடுவார். ஜெபித்துக்கொண்டிருந்தவர் மட்டும் வாயைத் திறந்தபடி இருப்பார். குணசீலி அக்கா ஒருமுறை மல்லுக்கு நின்றார். (அக்கா, இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.) "ஏனுங்கண்ணா, நான் இன்னும் முடிக்கவே இல்லீங்களே?" என்றார். "அப்படீங்களா அம்மிணி? மன்னிச்சுக்குங்க. விண்ணப்பம் முடிஞ்சு புகாரு ஆரம்பிச்சுதுங்களா, எறங்கற ஸ்டாப்பு வந்துருச்சாக்கும்னு நெனச்சுப்போட்டேன்" என்றார் அண்ணன்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற கதை. இனிச் சொல்லப்போவது என் வீட்டுக் கதை. பாதி உங்களுக்கும் தெரியும். தெரியாத பாதியை நீங்களே சேர்த்துக்கொண்டு பேசியதும் எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டுக்காரர் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவர். பேச்சே குறைவு. அண்ணன் இங்கே இருந்த காலத்தில் ஒரு வருடம், மாதத்தின் முதல் ஞாயிறு, பிரசங்கம் முடிந்து, அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற திருவிருந்துக்கு எல்லோரும் ஆயத்தமாகும்போது, அவர் எழுந்து பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய்விட்டார். வயிற்றுக் கோளாறு என்று நினைத்தேன். அடுத்த மாதமும் போனார். வயிற்றுக் கோளாறு முதல் ஞாயிறு பார்த்து வருமா? வீட்டில் கேட்டேன். "எனக்குத் தகுதியில்லை, அம்மிணி" என்றார். அதற்கு மேல் குறடு போட்டு இழுத்தாலும் ஒரு வார்த்தை வரவில்லை.

நம் சபையில் திருவிருந்து நேரத்தில் வெளியே போனால், அப்பம் தொட முடியாத பாவம் ஏதோ செய்தவர் என்றுதான் பொருள், நான் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை பேர் உள்ளே முழங்காலிட்டார்கள் என்பதை ஆயர் பார்ப்பார். யார் வெளியே போனார்கள் என்பதை மற்ற எல்லோரும் பார்ப்போம். ஒரு வாரத்துக்குள் அவர் லாட்டரிச் சீட்டில் மூழ்கிவிட்டார் என்றார்கள். அடுத்த வாரம், வேறு குடும்பம் வைத்திருக்கிறார். அந்தக் கோடையில் தலையில் சூட்டுக்கட்டி வந்து மொட்டை அடித்திருந்தார் மனிதர்; பழனிக்குப் போய் நேர்த்திக்கடன் செலுத்திவிட்டு வந்தார் என்று அதற்கும் ஒரு கதை கட்டினார்கள். அப்பம் வாங்க நான் தனியாக முழங்காலிட்டால், அவருடைய காலி இடத்தில் குணசீலி அக்கா வந்து ஒட்டிக்கொண்டு, "இன்னைக்கும் வரலீங்களா?" என்று காதில் கேட்பார். பரிசுத்தமான இடத்தில் எனக்கு வந்த எண்ணங்களை இங்கே எழுத முடியாது.

ஊரைச் சொல்லி என்ன, நான் மட்டும் சும்மாவா இருந்தேன்? சட்டைப் பையைத் துழாவினேன். பீடா சுற்றிய காகிதம்தான் கிடைத்தது. சொல்லாமல் கொள்ளாமல் டிபன் கேரியரோடு பட்டறைக்குப் போய் நின்றேன். அவர் ரேடியோ கேட்டுக்கொண்டே செம்புக்கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். "என்ன அம்மிணி, இன்னும் பசிக்கலையே?" என்றார். வீட்டு ஜெபத்தில், "ஆண்டவரே, இந்த வீட்டில் மறைந்திருக்கிறதை வெளிச்சத்துக்குக் கொண்டுவாரும்" என்று உருகினேன். அவர் "ஆமென். ரசம் ஆறுது" என்றார். வெளியே சிரிப்பாக இருக்கும். உள்ளுக்குள் எனக்கு நெஞ்சு வெந்துகொண்டிருந்தது. என்னோடு ஒரே தட்டில் சாப்பிடுகிற மனிதர் என்னவோ செய்துவிட்டுத் தன்னையே தள்ளி வைத்துக்கொண்டிருக்கிறார். அது என்னவென்று தெரியாமல் அவரோடு எப்படி வாழ்வது? அவரை இழந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

கடைசியில் தானியேல் அண்ணனிடம் போய் அழுதேன். "நீங்க எத்தனை கள்ளனைப் புடிச்சிருக்கீங்க. அவருகிட்ட என்ன ஏதுன்னு விசாரிச்சுச் சொல்லுங்கண்ணா" என்றேன். அண்ணன் தாடையைத் தடவிக்கொண்டே, "விசாரிக்கறதெல்லாம் நமக்கு வேண்டாமுங்க அம்மிணி. நான் வேற ஒண்ணு பண்றேன்" என்றார்.

என்ன பண்ணினார் தெரியுமா? அடுத்த முதல் ஞாயிறு, எங்கள் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போனதும், அவரும் எழுந்து பின்னாலேயே போய்விட்டார்! சபையே திரும்பிப் பார்த்தது. ஆயர் ஒரு வரியை இரண்டு தடவை வாசித்தார். வெளியே புங்கமரத்தடியில் இரண்டு பேரும் சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! தூக்கிவிடச் சொல்லி அனுப்பினால், இவரும் கூடச் சேர்ந்து குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டாரே என்று பல்லைக் கடித்தேன்.

அடுத்த மாதமும் அப்படியே. இப்போது பேசுவதற்குச் சபைக்கு இரண்டு பாவிகள். "ரெண்டு பேரும் சேந்து என்னமோ பண்ணிப்போட்டாங்க" என்று முடிவு கட்டினார்கள். மரத்தடியில் காற்று நன்றாக வருகிறது என்று கண்ட மில்லில் வேலை செய்கிற பையன்கள் சிலரும் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். யாரோ வறுகடலை வாங்கி வந்தார்கள். அண்ணன் அவர்களை விரட்டினார். "உங்களுக்கு என்னங்கடா இங்க வேலை? உள்ள போங்க."

"நீங்க மட்டும் இருக்கீங்களே?"

"நான் டூட்டியில இருக்கறேன்."

ஆயருக்குக் கவலை பிடித்துக்கொண்டது. இப்படியே போனால் கிறிஸ்துமஸுக்குள் தானும் ஆயரம்மாவும் மட்டும்தான் உள்ளே மிஞ்சுவோம் என்று பயந்தாரோ என்னவோ, அண்ணனைக் கூப்பிட்டு, "தானியேல், அப்படி என்ன பாவம் செய்துவிட்டீர்?" என்று கேட்டார். "செஞ்சது நெறைய இருக்குதுங்கய்யா. ஆனா அதுக்காக வெளிய போகலீங்க" என்றார் அண்ணன்.

"பின்னே?"

"துணைக்குங்க."

ஐப்பசி மாதத் திருவிருந்து அன்று பிரசங்கத்தின் நடுவிலேயே மழை பிடித்துக்கொண்டது. நல்ல மழை. அன்றைக்காவது உள்ளே இருப்பார் என்று நினைத்தேன். அவர் பாட்டுக்கு எழுந்து போனார். அண்ணனும் போனார். மில் பையன்கள் ஒருவரும் அசையவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. குடை கொடுக்கிற சாக்கில் நானும் எழுந்து பக்கவாட்டுக் கதவு வரை போனேன். இரண்டு பேரும் ஆயருடைய சைக்கிள் நிற்கிற தகரக் கொட்டகையில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். அது சைக்கிளுக்கே போதாத கொட்டகை. பாதி உடம்பு மழையில். தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்துக்கு மேல் கத்தித்தான் பேசினார்கள், அதனால் ஒட்டுக்கேட்டேன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

"அண்ணா, நீங்க உள்ள போங்க. சளி புடிச்சுக்கும்."

"நீங்களும் வாங்க தம்பி, போலாம்."

"எனக்குத் தகுதியில்லீங்கண்ணா."

"யாருங்க சொன்னது?"

"நானே சொல்றேனுங்க. நான் செஞ்சது எனக்குத் தெரியுமில்லீங்களா?"

"ஆண்டவருகிட்டச் சொன்னீங்களா?"

"அன்னாடம் சொல்றேனுங்க. அழுது சொல்றேனுங்க."

"சரி பண்றதுக்கு வழி ஏதாச்சும் இருந்துதுங்களா?"

"இருந்த வரைக்கும் பண்ணிப்போட்டேனுங்க."

அண்ணன் சொன்னார்: "தம்பி, நான் பஸ்ஸுல ஆளைப் புடிக்கறவன். கண்டக்டரு மேல தப்பிருந்தா ரிப்போர்ட் எழுதி மேல அனுப்புவேன். அதோட என்ற வேலை முடிஞ்சுது. ஆபீசரு முடிவு பண்றதுக்கு முந்தி நானே அவனுக்குத் தண்டனையும் குடுத்துப்போட்டா, என்ற வேலைதானுங்க போகும். நீங்க கேசை அவருகிட்டக் குடுத்துப்போட்டு, தீர்ப்பையும் நீங்களே எழுதிக்கிட்டு, ஜெயிலுக்கும் நீங்களே போயி உக்காந்துக்கிட்டா, அப்பறம் அவருக்கு என்னங்க வேலை?"

"அவரு என்ன சொல்லுவாரோன்னு பயமா இருக்குதுங்கண்ணா."

"எனக்கும்தான் பயமுங்க. நீங்க செஞ்சது தப்பில்லைன்னு நான் சொல்லமாட்டேன். தப்புன்னும் சொல்லமாட்டேன். அந்தச் சீட்டுல உக்கார எனக்குப் பெர்மிசன் இல்லீங்க. உங்களுக்கும் இல்லை. விருந்துக்குக் கூப்பிட்டது அவரு. இலை போட்டுப்போட்டாரு. எந்திரிச்சுப் போன்னு அவரு இன்னும் சொல்லலையே? சொல்ற வரைக்கும் உக்காந்து சாப்புடுவமுங்க."

எங்கள் வீட்டுக்காரர் குலுங்கிக் குலுங்கி அழுதார். கல்யாணம் ஆன நாள் முதல் அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அண்ணன் கட்டிப் பிடிக்கவும் இல்லை, தட்டிக் கொடுக்கவும் இல்லை. பக்கத்தில் நின்று மூன்று தும்மல் தும்மினார். அவ்வளவுதான். இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வாங்கண்ணா, உள்ள போலாம். உங்களுக்குக் காய்ச்சல் கண்டா ராஜம் அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார்.

அவர்கள் வருவதற்குள் நான் ஓடிப்போய் என் இடத்தில் முழங்காலிட்டேன். பக்கத்தில் குணசீலி அக்கா. "சித்தெ நகருங்க்கா, ஆளு வருது" என்றேன். அக்கா கண்ணைத் திறந்து, பார்த்து, சேலையை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்தார். அன்றைக்கு அக்கா நகர்ந்த அந்த அழகுக்காக அவர் மேல் எனக்கு இருந்த எல்லா வழக்கையும் தள்ளுபடி செய்தேன். ஒரு பக்கம் எங்கள் வீட்டுக்காரர், அவருக்கு அந்தப் பக்கம் அண்ணன், இரண்டு பேர் சட்டையிலிருந்தும் சிவப்புக் கம்பளத்தில் தண்ணீர் சொட்டுகிறது. ஆயர் அப்பத்தட்டோடு ஒரு கணம் நின்றார். பிறகு கொடுத்தார். நான் வாயில் வைத்தது அப்பமா கண்ணீரா என்றே தெரியவில்லை.

அந்த வாரமே அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். ஆள் திரும்பி வந்துவிட்டார், சரி. விஷயம் என்ன என்று தெரிய வேண்டாமா? "அத்தனை நாள் மரத்தடியில உக்காந்திருந்தீங்களே, என்ன பண்ணுனாருன்னு உங்ககிட்டச் சொல்லியிருப்பாரே?" என்றேன்.

"நான் கேக்கலீங்களே."

"அப்பறம் என்னதானுங்க பேசுனீங்க?"

"மோட்டாரைப் பத்திங்க. எங்க ஊட்டு மோட்டாரு தண்ணியே எடுக்கறதில்லை. காயிலு போயிருக்குமுன்னு தம்பி சொன்னாரு. ஆனா பாருங்க, போனது கெப்பாசிட்டருங்க."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கேட்டிருந்தாச் சொல்லியிருப்பாரு அம்மிணி. அப்பறம் அவரை எப்பப் பாத்தாலும் எனக்கு அதுதான் ஞாபகத்துல நிக்கும். நான் லேசுல மறக்கற ஆளில்லீங்க. செக்கரு" என்றார். அந்தப் பதில் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து பாத்திரங்களை விளக்கிய வேகத்தில் ஒரு டம்ளர் நசுங்கிப்போயிற்று.

உடுமலையில் அடக்கம் முடிந்து திரும்பும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. பஸ்ஸில் கூட்டமில்லை. பொள்ளாச்சி தாண்டியதும் எங்கள் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "அம்மிணி, அந்த வருசம் நான் கோயிலைவிட்டு வெளிய போய் உக்காந்தேனில்ல… அது எதுக்குன்னா…" என்று ஆரம்பித்தார்.

இத்தனை வருடம் எதைத் தெரிந்துகொள்ளத் தவித்தேனோ, அது இதோ பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து தானாகவே வாயைத் திறக்கிறது. காதை நீட்டினால் போதும். ஆனால் கேட்டுவிட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். அந்த நிமிடமே நாற்காலி போட்டு உட்கார்ந்து தீர்ப்பு எழுதத் தொடங்கிவிடுவேன். மன்னித்தேன் என்றே எழுதினாலும், அதுவும் கீழே நான் கையெழுத்துப் போட்ட தீர்ப்பாகத்தான் இருக்கும். பிறகு சாகும்வரை அந்தக் கையெழுத்தை அவர் பார்த்துக்கொண்டு வாழ வேண்டும்.

"உங்க மனசு பாரமா இருக்குதுன்னாச் சொல்லுங்க, கேக்கறேன். எனக்காகன்னா வேண்டாமுங்க" என்றேன்.

அவர் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தார், வேறு யாரோ என் சேலையைக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டார்களோ என்பதுபோல. "பாரமெல்லாம் எறக்கி வெச்சு வருசமாச்சு. உனக்குத் தெரியோணுமேன்னுதான் ஆரம்பிச்சேன்" என்றார்.

"எனக்குத் தெரிய வேண்டாமுங்க."

சொல்லி முடித்தபின் எனக்கே நம்பமுடியவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கிணத்துக்கடவு வரும்வரை அவர் தோள் குலுங்கியது. நானும் அண்ணனைப்போலக் கண்டுகொள்ளவில்லை.

செக்கர் அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த ஒன்றுதான்: என் வீட்டுக்காரரைப் பற்றி எனக்குத் தெரியாத ஒரு விஷயம். அது ஆண்டவர் கையில் இருக்கிறது. என் கைக்கு வரத் தேவையில்லை. இந்த மாத முதல் ஞாயிறும் அவர் என் பக்கத்தில் முழங்காலிட்டார். அப்பம் வாங்கிய பிறகு எல்லோருக்கும் கடைசியாகத்தான் எழுந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.